சமக்குறியின் இருபுறமும்: இயற்கணிதத்துக்கு அடித்தளம் எங்கே போட வேண்டும்?

ஆறாம் வகுப்பு வரை கணக்கில் சறுக்காத பிள்ளை, ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ திடீரென்று திணறத் தொடங்கும். வண்ணாரப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் மாலை நேர டியூஷன் நடத்துகிறவர்களுக்கு இது ஆண்டுதோறும் பார்த்துச் சலித்த காட்சி. பெற்றோருக்கோ புரியாத புதிர். வாய்ப்பாடு தலைகீழாகத் தெரிகிறது, பின்னக் கணக்கு வருகிறது, எண் இருந்த இடத்தில் ஓர் எழுத்து வந்து உட்கார்ந்ததும் மட்டும் கை நின்றுவிடுகிறது. பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு உட்காருகிறவர்களுக்கும் இதே தடுமாற்றம்தான். அந்தத் தேர்வின் 200 வினாக்களில் 25 வினாக்கள் திறனறிவும் மனக்கணக்கும் சார்ந்தவை. வயது, வட்டி, வேலை நாள் எதைத் தொட்டாலும் உள்ளே ஒரு சமன்பாடு ஒளிந்திருக்கிறது.

பழி வழக்கமாக எழுத்தின் மேல்தான் விழுகிறது. ஆனால் பெரும்பாலான பிள்ளைகளிடம் சிக்கல் அதற்கு முன்பே, ஒன்றாம் வகுப்பிலிருந்து பழகிவந்த சமக்குறியிலேயே தொடங்கிவிடுகிறது. அதைச் சரிசெய்யாமல் எழுத்தைக் கற்பிப்பது, ஆட்டம் காணும் தரையில் சுவர் எழுப்பும் வேலை.

ஒரு சிறு குறிப்பு: பாடநூல்களில் மாறிகளுக்கு எக்ஸ், ஒய் முதலிய எழுத்துகளே வழக்கம். இங்கே ம, ப, ந என்ற தமிழ் எழுத்துகளைப் பயன்படுத்தியிருக்கிறேன். க, உ போன்றவை பழைய தமிழ் எண்களின் வடிவத்தையே கொண்டிருப்பதால் அவற்றை ஒதுக்கிவிட்டேன்.

சமக்குறியைப் பிள்ளை எப்படிப் படிக்கிறது?

ஒரு தாளில் இப்படி எழுதிக் கொடுங்கள்:

8 + 4 = □ + 5

கட்டத்தில் என்ன எண் வரும் என்று கேட்டால், பல பிள்ளைகள் 12 என்பார்கள். சிலர் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். சரியான விடை 7. இடப்பக்கம் 12, வலப்பக்கமும் 12 ஆக வேண்டும் என்பதால் 7. அமெரிக்கத் தொடக்கப்பள்ளி மாணவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டு 1999இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பத்தில் ஒருவர்கூடச் சரியான விடையைச் சொல்லவில்லை. ஆக, இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டுமான குறை என்று யாரும் தலையில் கைவைக்க வேண்டியதில்லை.

காரணம் எளிது. ஐந்தாறு ஆண்டுகளாக அந்தப் பிள்ளை பார்த்ததெல்லாம் 8 + 4 = ___ என்ற ஒரே அமைப்பு. கேள்வி இடப்பக்கம், விடை வலப்பக்கம். கால்குலேட்டரும் அதையே சொல்லிக் கொடுக்கிறது: அந்தக் குறியை அழுத்தினால் விடை வந்து விழுகிறது. ஆகவே சமக்குறி என்றால் 'விடையை இங்கே எழுது' என்ற கட்டளை என்று மனம் எடுத்துக்கொண்டுவிடுகிறது.

இதன் அடையாளத்தை நோட்டிலேயே பார்க்கலாம். 15-உடன் 6-ஐக் கூட்டி, இரட்டிப்பாக்கி, 4-ஐக் கழிக்கச் சொன்னால் பிள்ளை இப்படி எழுதும்:

15 + 6 = 21 × 2 = 42 − 4 = 38

விடை சரி. ஆசிரியரும் சிவப்பு மையில் 'சரி' போட்டுவிடுவார். ஆனால் எழுதியிருப்பது பொய். 15 + 6 என்பது 38-க்குச் சமமில்லை. எண்கணிதத்தில் இந்தப் பொய் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. இயற்கணிதத்தில் இதே பழக்கம் முதல் சமன்பாட்டிலேயே காலை வாரிவிடும். 3ம + 4 = 19 என்பதைக் கட்டளையாகப் படிக்க முடியாது; இடப்பக்கம் செய்து முடிக்க ஒன்றுமே இல்லை. அது ஒரு கூற்று: இந்தப் பக்கத்தின் மதிப்பும் அந்தப் பக்கத்தின் மதிப்பும் ஒன்று.

மருந்தும் எளிதுதான். எழுத்தைத் தொடுவதற்கு முன் 12 = 8 + 4, 7 + 5 = 6 + 6, 9 = 9, 20 − 9 = 8 + 3 போன்ற வரிகளைப் பழக்க வேண்டும். இவற்றைச் 'சரியா, தவறா' என்று மட்டும் கேட்க வேண்டும். 9 = 9 என்பதைச் சில பிள்ளைகள் தவறு என்பார்கள், அங்கே கணக்கே இல்லையே என்று. அந்தப் பதிலைக் கேட்டால் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும்.

எழுத்து எண்ணைக் குறிக்கிறது, பொருளைக் குறிப்பதில்லை

அடுத்த தவறு பெரும்பாலும் நம் கற்பித்தலிலிருந்தே வருகிறது. 3ம + 2ம = 5ம என்பதை விளக்க, 'மூன்று மாம்பழமும் இரண்டு மாம்பழமும் ஐந்து மாம்பழம்' என்பார்கள். அந்த நேரத்துக்கு வேலை நடந்துவிடும். ஆனால் ம என்றால் மாம்பழம் என்று பிள்ளை மனத்தில் பதிந்துவிடுகிறது. பிறகு 3ம × 2ம என்று வந்தால் மாம்பழத்தை மாம்பழத்தால் எப்படிப் பெருக்குவது?

இந்தத் தவறு எவ்வளவு ஆழமானது என்பதற்குக் காசிமேட்டிலிருந்து ஒரு கணக்கு. ஒவ்வொரு படகிலும் 8 மீனவர்கள் கடலுக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீனவர்களின் எண்ணிக்கை ம, படகுகளின் எண்ணிக்கை ப. இரண்டுக்கும் உள்ள தொடர்பை எழுதுக.

பலர் 8ம = ப என்று எழுதுவார்கள். 'எட்டு மீனவர், ஒரு படகு' என்று வாக்கியத்தின் வரிசையிலேயே படித்துவிடுகிறார்கள். எண்ணைப் போட்டுப் பாருங்கள்: 10 படகுகள் என்றால் 80 மீனவர்கள். 8ம = ப என்றால் 8 × 80 = 640 படகுகள் ஆகிவிடும்; துறைமுகம் தாங்காது. சரியானது ம = 8ப. ம என்பது 'மீனவர்' இல்லை, மீனவர்களின் எண்ணிக்கை. சிறிய எண்ணிக்கையை 8-ஆல் பெருக்கினால்தான் பெரிய எண்ணிக்கை வரும்.

மாணவர், பேராசிரியர் என்று இதே அமைப்பில் ஒரு கேள்வியை அமெரிக்கப் பொறியியல் மாணவர்களிடம் கேட்டு, 1981இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தவறாக எழுதியிருந்தார்கள்; அந்தத் தவறுகளில் பெரும்பாலானவை இதே தலைகீழ் வடிவம்தான். பொறியியல் வரை வந்தவர்களின் நிலையே அதுவென்றால் ஏழாம் வகுப்புப் பிள்ளையை அதட்டுவதில் நியாயமில்லை.

எழுத்து எண்தான் என்று ஏற்றுக்கொண்ட பிறகும் அது மூன்று வேலைகளைச் செய்கிறது. இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை என்பது என் மனக்குறை.

1. தெரியாத ஓர் எண். 3ம + 4 = 19 என்பதில் ம என்பது 5 மட்டுமே. கண்டுபிடிக்கும் வரைதான் மர்மம்.
2. எந்த எண்ணும். 2(ம + 3) = 2ம + 6 என்பது ம-க்கு எந்த எண்ணைப் போட்டாலும் உண்மை. இப்படிப்பட்டதற்கு முற்றொருமை என்று பெயர். இங்கே கண்டுபிடிக்க எதுவும் இல்லை.
3. மாறும் அளவு. ம = 8ப என்பதில் ப கூடக் கூட ம-உம் கூடும். ஒன்றின் போக்கு இன்னொன்றின் போக்கைத் தீர்மானிக்கிறது.

'ம-இன் மதிப்பு என்ன?' என்று பிள்ளை இரண்டாவது வகையில் வந்து கேட்டால், அது முட்டாள்தனமான கேள்வி இல்லை. முதல் வகையில் நாம் பழக்கியதை அது நம்பியிருக்கிறது, அவ்வளவே.

சில பெயர்கள், சுருக்கமாக

5ம + 7 என்பதில் ம மாறி, 7 மாறிலி, 5 என்பது ம-இன் கெழு. 5ம, 7 ஆகிய இரண்டும் உறுப்புகள். முழுவதும் சேர்ந்தது கோவை. இரண்டு கோவைகளுக்கு நடுவே சமக்குறி வந்தால் சமன்பாடு. 5ம, 2ம இரண்டும் ஒத்த உறுப்புகள், கூட்டிவிடலாம். 5ம, 7 இரண்டும் ஒத்தவை அல்ல, அப்படியே நிற்கும்.

அந்தக் கடைசி வரிதான் பலரை உறுத்துகிறது. 5ம + 7 என்று நிறுத்தினால் கணக்கு முடியாததுபோல் தோன்றுகிறது. கை தானாக 12ம என்று எழுதிவிடுகிறது. ம = 2 எனில் 5ம + 7 = 17; 12ம = 24. இரண்டும் வேறு. கூட்டல் குறி நடுவே நின்றிருந்தாலும் 5ம + 7 ஒரு முழுமையான விடைதான்.

இன்னொன்று: 3ம என்றால் 3 × ம. ம = 5 எனில் 15; 35 இல்லை. எண்களை அடுத்தடுத்து எழுதினால் இடமதிப்பு, எண்ணையும் எழுத்தையும் அடுத்தடுத்து எழுதினால் பெருக்கல். இரண்டு மரபுகளும் வேறு என்பதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

பலாச்சுளைக் கணக்கு: முன்னே போவதும் திரும்பி வருவதும்

காரி நாயனார் இயற்றியதாகச் சொல்லப்படும் கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணித நூலில் புகழ்பெற்ற ஒரு வெண்பா உண்டு. பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை எண்ண அது வழி சொல்கிறது: காம்பை ஒட்டியுள்ள சிறு முட்களை எண்ணி, 6-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுக்க வேண்டும். கொத்தவால் சாவடியில் பழம் வாங்கிச் சோதித்தால் எவ்வளவு பொருந்தும் என்பது வேறு விஷயம். நமக்கு வேண்டியது அதன் வடிவம். முட்கள் ம என்றால்,

சுளைகள் = 6ம ÷ 5

எழுத்தே இல்லாத ஒரு சூத்திரத்தை அந்த வெண்பா செய்யுளாகச் சொல்லியிருக்கிறது. 50 முட்கள் என்றால் 60 சுளைகள். இது முன்னோக்கிய பயணம். இதற்கு எண்கணிதம் போதும்.

இப்போது கேள்வியைத் திருப்புவோம். சுளைகள் 120. முட்கள் எத்தனை? வெண்பாவில் இதற்கு நேரடி வழி இல்லை. 6ம ÷ 5 = 120 என்று எழுதினால் வழி தெரிகிறது. கடைசியாகச் செய்தது 5-ஆல் வகுத்தது; அதை அவிழ்க்க இருபுறமும் 5-ஆல் பெருக்கினால் 6ம = 600. அதற்கு முன் செய்தது 6-ஆல் பெருக்கியது; இருபுறமும் 6-ஆல் வகுத்தால் ம = 100. செய்த வேலைகளைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்ப்பதுதான் சமன்பாட்டைத் தீர்ப்பது.

'இருபுறமும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். சமன்பாடு ஒரு தராசு என்று ஆசிரியர்கள் சொல்வார்கள்: ஒரு தட்டில் எதைச் செய்தாலும் மறு தட்டிலும் செய்ய வேண்டும். நல்ல ஒப்புமைதான், ஆனால் அதற்கு எல்லை உண்டு. 3ம + 19 = 4 என்று வந்தால் ம = −5. தட்டில் கழித்தல் ஐந்து கிலோ வைக்க முடியாது. அந்த இடத்தில் தராசை விட்டுவிட்டு, 'இரு பக்கமும் ஒரே எண், ஆகவே இரண்டிலும் ஒரே வேலையைச் செய்தாலும் ஒரே எண்ணாகவே இருக்கும்' என்ற உண்மையையே பிடித்துக்கொள்ள வேண்டும்.

நடைமுறையில் இந்த உண்மைக்குப் பதிலாக ஒரு மந்திரம் புழங்குகிறது: 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்.' தேர்வுக்கு முந்தைய வாரம் அவசரத்துக்குச் சொல்லிக் கொடுப்பது. 3ம + 4 = 19 என்பதில் 4 அந்தப் பக்கம் போய் 3ம = 15 ஆகிறது, சரி. அடுத்த வரியிலேயே அதே மந்திரம் 3-ஐயும் அந்தப் பக்கம் தள்ளிக் குறியை மாற்றுகிறது: ம = 15 − 3 = 12. மந்திரத்துக்குக் கூட்டலும் பெருக்கலும் ஒன்றுதான். இருபுறமும் 3-ஆல் வகுக்கிறோம் என்று சொல்லிப் பழகிய பிள்ளைக்கு இந்தத் தவறு வராது. வந்தாலும், 3 × 12 + 4 = 40, 19 இல்லை என்று விடையைத் திரும்பப் போட்டுப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும். இயற்கணிதத்தில் விடைப் பக்கத்தைப் புரட்ட வேண்டியதே இல்லை. கேள்விக்குள்ளேயே சோதனை இருக்கிறது.

ஆட்டோ மீட்டரும் அடைப்புக்குறியும்

அடைப்புக்குறிக்கு ஆட்டோ கட்டணத்தைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. சென்னை ஆட்டோக்களுக்குத் தமிழக அரசு 2013இல் அறிவித்த மீட்டர் கட்டணம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். (சாலையோரத்தில் நடக்கும் பேரத்துக்கு எந்தச் சூத்திரமும் கிடையாது, அதை விட்டுவிடுவோம்.)

போகும் தூரம் ம கிலோமீட்டர் என்றால், கூடுதல் தூரம் ம − 1.8. ஆகவே,

கட்டணம் = 25 + 12(ம − 1.8)

வண்ணாரப்பேட்டை மெட்ரோ வாசலிலிருந்து 5 கிலோமீட்டர் போனால் கூடுதல் தூரம் 3.2, அதற்கு 38.40 ரூபாய், மொத்தம் 63.40 ரூபாய்.

அடைப்பை நீக்கும்போது 12 உள்ளே இருக்கும் இரண்டையும் பெருக்க வேண்டும். இதற்குப் பங்கீட்டுப் பண்பு என்று பெயர்.

25 + 12ம − 21.6 = 12ம + 3.4

5-ஐப் போட்டால் 60 + 3.4 = 63.40. ஒத்துப்போகிறது. வழக்கமான தவறு, 12 முதல் உறுப்பை மட்டும் பெருக்கிவிட்டு நின்றுவிடுவது: 25 + 12ம − 1.8 = 12ம + 23.2. இதன்படி 5 கிலோமீட்டருக்கு 83.20 ரூபாய். ஒரு பெருக்கலை மறந்ததற்கு அபராதம் 19 ரூபாய் 80 காசு. ஏன் இப்படி ஆகிறது என்றால், தவறான வடிவம் முதல் 1.8 கிலோமீட்டரை 25 ரூபாய்க்குள்ளும் எண்ணுகிறது, 12 ரூபாய்க் கணக்கிலும் ஏறக்குறைய முழுவதையும் மறுபடி எண்ணிவிடுகிறது.

12ம + 3.4 என்ற சுருக்க வடிவத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, அந்த 3 ரூபாய் 40 காசை உலகில் யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை. அரசாணையிலும் அது இல்லை. சுருக்கியதால் பிறந்த எண் அது. நீண்ட வடிவம் விதியைக் காட்டுகிறது, சுருக்க வடிவம் கணக்கிட வசதியாக இருக்கிறது. இரண்டும் சமம், ஆனால் பயன் வேறு. 'சுருக்குக' என்ற கட்டளைக்குப் பழகிய பிள்ளைகள் சுருக்கியதுதான் எப்போதும் மேல் என்று நினைத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, 1 கிலோமீட்டர் மட்டுமே போனால்? 12 + 3.4 = 15.40 ரூபாய் என்கிறது சூத்திரம். மீட்டரோ 25 காட்டும். சூத்திரம் தவறவில்லை, அது 1.8 அல்லது அதற்கு மேற்பட்ட தூரத்துக்கு எழுதியது. ஒரு கோவையோடு அது செல்லுபடியாகும் நிபந்தனையும் சேர்ந்தே வருகிறது என்பது உயர்வகுப்பு விஷயம் என்று ஒதுக்குவார்கள். ஆட்டோ மீட்டர் அதை ஏழாம் வகுப்பிலேயே புரியவைத்துவிடுகிறது.

திரும்பி வரும் கணக்கும் செய்துவிடலாம். மீட்டர் 85 ரூபாய் காட்டினால் எவ்வளவு தூரம்? 25 + 12(ம − 1.8) = 85. இருபுறமும் 25-ஐக் கழிக்க, 12(ம − 1.8) = 60. இருபுறமும் 12-ஆல் வகுக்க, ம − 1.8 = 5. ம = 6.8 கிலோமீட்டர்.

கழித்தல் குறி: எங்கே அதிகம் வழுக்குகிறது

அடைப்புக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் தவறுகள் இரட்டிப்பாகும். மீன் கடையில் ம ரூபாய் மீனுக்கு 20 ரூபாய் குறைத்துக் கொடுக்கிறார்கள். 100 ரூபாய்த் தாள் நீட்டினால் மீதி எவ்வளவு? 100 − (ம − 20). மீன் 90 ரூபாய் என்றால் கொடுக்க வேண்டியது 70, மீதி 30. அடைப்பை நீக்கி 100 − ம − 20 என்று எழுதினால் மீதி −10 ஆகிவிடும். சலுகை தந்த கடைக்காரருக்கே நாம் கடன்பட்டது போல. 90 ரூபாயையும் கழித்தபோது 20 ரூபாயை அதிகமாகக் கழித்துவிட்டோம்; அதைத் திரும்பக் கூட்ட வேண்டும். ஆகவே 100 − ம + 20, அதாவது 120 − ம.

'கழித்தல் பெருக்கல் கழித்தல் கூட்டல்' என்பதையும் மனப்பாடமாக விடாமல் ஓர் ஒழுங்காகக் காட்டலாம்.

3 × (−2) = −6
2 × (−2) = −4
1 × (−2) = −2
0 × (−2) = 0
(−1) × (−2) = ?

ஒவ்வொரு வரியிலும் விடை 2 கூடிக்கொண்டே வருகிறது. அடுத்தது 2 ஆகத்தான் இருக்க வேண்டும். வேறு எதை எழுதினாலும் ஒழுங்கும் உடையும், பங்கீட்டுப் பண்பும் உடையும். இந்த விதிகளைப் பிரம்மகுப்தர் 628ஆம் ஆண்டிலேயே செல்வம், கடன் என்ற சொற்களில் வகுத்து எழுதிவிட்டார்.

கேள்வியைத் தமிழில் படிப்பது

வாக்கியக் கணக்குகளில் விழும் தவறுகளில் பாதி கணக்கைச் சேர்ந்தவை அல்ல, படிப்பைச் சேர்ந்தவை. இந்த நான்கையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள்:

1. ம-ஐ விட 5 குறைவு: ம − 5
2. 5-இலிருந்து ம-ஐக் கழிக்க: 5 − ம
3. ஓர் எண்ணின் இருமடங்கோடு 3-ஐக் கூட்ட: 2ம + 3
4. ஓர் எண்ணோடு 3-ஐக் கூட்டி, இருமடங்காக்க: 2(ம + 3)

'ஐ விட', 'இலிருந்து', 'ஓடு' என்ற சிறு உருபுகள்தான் எது முன்னே, எது பின்னே என்று தீர்மானிக்கின்றன. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் வேறுபாடு 'கூட்டி' என்ற ஒரு வினையெச்சம்: முதலில் கூட்டி முடித்துவிடு, பிறகு மற்றது. வினையெச்சம் வருகிற இடத்தில் அடைப்புக்குறி வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிப் பார்க்கலாம், பெரும்பாலும் பொருந்தும். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கும், கேள்வியை ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்வது வீண் வேலை இல்லை.

குறியீடுகள் எப்போது வந்தன?

பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி ஏறக்குறைய 820இல் எழுதிய இயற்கணித நூலில் குறியீடுகளே கிடையாது, எல்லாம் வாக்கியங்கள். கூட்டல், கழித்தல் குறிகள் 1489இல் ஜெர்மனியில் அச்சேறின. சமக்குறியை ராபர்ட் ரெக்கார்ட் 1557இல் புகுத்தினார். தெரிந்த எண்களுக்கும் எழுத்தைப் பயன்படுத்தும் முறையைப் பிரான்சின் வியேட் 1591இல் கொண்டுவந்தார். இன்றைய வழக்குக்கு நெருக்கமான வடிவத்தை டெக்கார்ட் 1637இல் தந்தார். அல்-குவாரிஸ்மியிலிருந்து டெக்கார்ட் வரை 800 ஆண்டுகளுக்கும் மேல். அதை ஒரு பருவத்தில் முடித்துவிட்டுத் தேர்வு வைக்கிறோம்.

தீக்குச்சியும் கோலப் புள்ளியும்

வடசென்னையில் கணிதம் என்றதும் ராமானுஜன் பெயர் வந்துவிடும். 1912இல் மெட்ராஸ் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்து, ஜார்ஜ் டவுனில் குடியிருந்தவர். பெருமைக்குரிய செய்தி, ஆனால் தொடக்க மாணவருக்கு அவர் நல்ல முன்மாதிரி இல்லை. விளக்கமே அதிகமில்லாமல் ஆயிரக்கணக்கான முடிவுகளைப் பட்டியலாக அடுக்கிய நூலை வைத்துக்கொண்டு அவர் படித்தார். அந்த வழி அவருக்குப் பலித்தது. ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தை 1993இல் தொடங்கிய கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் பிள்ளைகளுக்குக் காட்டிய வழி வேறு: ஒழுங்குகளைக் கண்ணால் பார்த்து, அவற்றைச் சொல்லும் மொழியாக இயற்கணிதத்தைப் பழகுவது. தமிழ்நாட்டு ஆறாம் வகுப்புப் பாடநூலும் இப்போது ஒழுங்குகளிலிருந்தே தொடங்குகிறது.

தீக்குச்சிகளால் சதுரங்களை ஒட்டி ஒட்டி வரிசையாக அடுக்குங்கள். ஒரு சதுரத்துக்கு 4 குச்சிகள், இரண்டுக்கு 7, மூன்றுக்கு 10. ந சதுரங்களுக்கு எத்தனை? நான்கு பிள்ளைகள் நான்கு விதமாகப் பார்ப்பார்கள்.

1. முதல் சதுரத்துக்கு 4, பிறகு ஒவ்வொன்றுக்கும் 3: 4 + 3(ந − 1)
2. இடது ஓரத்தில் ஒரு குச்சி, பிறகு ஒவ்வொரு சதுரத்துக்கும் 3: 1 + 3ந
3. மேலே ந, கீழே ந, நிற்கும் குச்சிகள் ந + 1: 2ந + (ந + 1)
4. ஒவ்வொரு சதுரத்துக்கும் 4, இரண்டு முறை எண்ணியவற்றைக் கழிக்க: 4ந − (ந − 1)

நான்கும் சரி. அடைப்பை நீக்கினால் நான்கும் 3ந + 1 ஆகின்றன. 'இரண்டு கோவைகள் சமம்' என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது: ஒரே குவியலை வெவ்வேறு விதமாக எண்ணியிருக்கிறோம். நான்காவது வழியில் கழித்தல் குறிக்குப் பின்னே நிற்கும் அடைப்பும் இலவசமாகப் பயிற்சி ஆகிறது. ஒரு பெட்டியில் 40 குச்சிகள் இருந்தால் எத்தனை சதுரங்கள்? 3ந + 1 = 40; ந = 13.

சற்றுத் தேறியவர்களுக்கு வாசல் கோலம். நேர்ப்புள்ளி, 7-இல் தொடங்கி 1 வரை: நடுவில் 7, மேலும் கீழும் 5, 3, 1. மொத்தம் 25 புள்ளிகள். இதே கோலத்தைச் சாய்வாகப் பாருங்கள். சரிவான வரிசைகளில் 4, 3, 4, 3, 4, 3, 4 என்று புள்ளிகள் நிற்கும்: நான்கு நான்குகளும் மூன்று மூன்றுகளும். 16 + 9 = 25. ஓரச் சரிவில் ந புள்ளிகள் என்றால் மொத்தம் ந² + (ந − 1)². நடு வரிசை 2ந − 1. மார்கழியில் 15-இல் தொடங்கும் பெரிய கோலம் போட்டால் ந = 8; புள்ளிகள் 64 + 49 = 113.

இங்கே (ந − 1)²-ஐ ந² − 1 என்று விரிப்பவர்கள் உண்டு. ந = 4 எனில் அது 15; ஆனால் மூன்று மூன்றாக நிற்கும் புள்ளிகள் 9 மட்டுமே. சரியான விரிவு ந² − 2ந + 1. கோலத்தின் மொத்தம் 2ந² − 2ந + 1 ஆகும்; 4-ஐப் போட்டால் 32 − 8 + 1 = 25.

ஓட்டை எங்கே என்று கண்டறிய ஐந்து கேள்விகள்

பிள்ளைக்கு முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி எல்லாவற்றையும் நடத்துவதைவிட, எங்கே அறுந்திருக்கிறது என்று பார்த்து அங்கே மட்டும் கட்டுவது நேரத்தை மிச்சப்படுத்தும். இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். விடையைவிட, அது வந்த வழியைக் கேளுங்கள்.

1. 9 + 6 = □ + 8. விடை 7. பிள்ளை 15 என்றாலோ 23 என்றாலோ, எழுத்தை ஒத்திவைத்துவிட்டுச் சமக்குறிப் பயிற்சிக்குப் போகலாம்.
2. ம = 4 எனில் 3ம + 2 எவ்வளவு? விடை 14. 36 என்றால் 3ம என்பதை 34 என்று படித்திருக்கிறது. 20 என்றால் 3ம + 2-ஐ 5ம ஆக்கியிருக்கிறது.
3. 50 − (ம − 8)-ஐ அடைப்பின்றி எழுதுக. விடை 58 − ம. 42 − ம என்றால் மீன் கடை மீதிக் கணக்கை எண்களோடு செய்து காட்டுங்கள்.
4. 12(ம − 2) = 60 எனில் ம எவ்வளவு? விடை 7. பிள்ளை 60-இலிருந்து 12-ஐக் கழிக்கத் தொடங்கினால், 'அந்தப் பக்கம்' மந்திரத்தை மறக்கடிக்க வேண்டும். இருபுறமும் என்ன செய்தோம் என்று ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.
5. ஒவ்வொரு பஸ்ஸிலும் 40 பேர். பஸ்கள் ப, பயணிகள் ம. தொடர்பு என்ன? விடை ம = 40ப. தலைகீழாக எழுதினால் திருத்தாதீர்கள். இரண்டு பஸ்களுக்கு எத்தனை பேர் என்று மட்டும் கேட்டு, அந்த எண்களைத் தான் எழுதிய சமன்பாட்டில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் இரண்டில் தவறினால் ஆறாம் வகுப்புப் பாடநூலுக்கும், மூன்றிலும் நான்கிலும் தவறினால் ஏழாம் வகுப்பு நூலுக்கும் திரும்புவது போதும். இரண்டும் தமிழ்நாடு அரசின் பாடநூல் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐந்தாவதில் மட்டும் தவறினால் புத்தகம் வேண்டாம். காசிமேட்டுப் படகு, ஆட்டோ, கோலம் என்று பார்க்கும் எதையும் பிள்ளையே சமன்பாடாக எழுதட்டும், எழுதியதில் எண்ணைப் போட்டு அதுவே சோதிக்கட்டும்.